எழுதாத பக்கத்தில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 14

பூங்குழலி ஒழுங்காகச் சாப்பிட்டு ஐந்து நாளாயிற்று.

கலைமணி கெஞ்சிப் பார்த்துவிட்டாள், அதட்டியும் பார்த்துவிட்டாள். நாத்தனார்க்காரி சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். காலையில் வைத்த சாமைச் சோறு தட்டிலேயே ஆறிக் கிடந்தது.

போன திங்கட்கிழமை மாலை முகில்காடு ரிசார்ட் கேட்டில் அவளுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். போன வாரம் புத்தகம் கைக்குக் கிடைக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு ஆறாம் நம்பர் காட்டேஜில் துண்டு மாற்றப் போனவளை, அங்கே தங்கியிருந்த ஆள் கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். தள்ளுவண்டியை அவன் முழங்காலில் மோதிவிட்டு ஓடி வந்தவள் நேரே மேனேஜர் அர்த்தனாரியிடம் போய்ச் சொன்னாள். "பெரிய இடம்மா. விசாரிக்கிறேன்" என்றார் அவர். இரண்டே நாளில் விசாரணை முடிந்துவிட்டது. வேலை முடிந்து கிளம்புகிற பெண்களின் பையைச் சோதித்து எழுதும் கேட் புத்தகத்தில், பூங்குழலியின் பையில் விருந்தாளியின் வைரத்தோடு இருந்ததாக ஒரு வரி ஏறியது. அன்றோடு அவளுக்கு வேலை இல்லை.

அந்த வரிக்குக் கீழே இருந்த கையெழுத்து சூப்பர்வைசர் வேல்முருகனுடையது. கலைமணியின் கூடப்பிறந்த தம்பி. போதாக்குறைக்கு, வருகிற மாசியில் பூங்குழலிக்குப் பரிசம் போட இருந்தவனும் அவனேதான்.

அந்த வீட்டில் ஐந்து நாளாக யாரும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

கலைமணி ரிசார்ட் வேலைக்கான சீருடைப் புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோது, மிளகுக்கொடி ஏறும் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் புருஷன் ராசப்பன் உள்ளே வந்தான்.

"சாயந்தரம் திண்ணனூர் நாட்டுல இருந்து பெரியப்பா வாராரு. பரிசத்த வெச்சுக்கலாமா வேண்டாமான்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"எங்கிட்டக் கேட்டா?"

"பின்ன ஆருகிட்டக் கேக்கறது? உன்ற தம்பிதான கையெழுத்துப் போட்டிருக்கறான். அவன் எழுதுனது நெசம்னா என்ற தங்கச்சி திருடி. பொய்யின்னா, அந்தப் பொய்யனுக்கு நான் என்னத்துக்குப் பொண்ணு குடுக்கோணும்? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கட்டியவன் கேட்பது நியாயம். ஆனால் அம்மா செத்தபோது தம்பி வேலுவுக்கு நாலு வயது. அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தே வளர்ந்தவள் அவள். அவன் வாயால் கேட்காமல் அவனைப் பொய்யன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஐந்து நாளாக அவனும் கையில் சிக்கவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. ரிசார்ட்டில் எதிரே பார்த்தால் ஜீப்பில் ஏறிவிடுகிறான்.

உள்ளிருந்து பூங்குழலியின் குரல் கேட்டது. "அண்ணி, நீங்க கெளம்புங்க. பஸ்ஸு போயிரும்."

அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

*

செம்மேடு பஸ் நிலையத்தில் ஹாஜிரா பீவி காத்திருந்தாள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து விடியலில் பஸ் ஏறி வந்து, ரிசார்ட் சமையல்கட்டில் நிற்கிறவள். எட்டு வருஷமாக அதே பாடு.

"கலை, கடுதாசி பத்திரமா?"

"பெட்ஷீட் அறையில, தலையணை உறைக்குள்ள இருக்குதுங்க அக்கா."

"எங்க வாப்பா இருந்திருந்தா, பொம்பளைங்க கடுதாசியத் தலையணைக்குள்ள ஒளிக்கிற காலமா போச்சுன்னு சிரிச்சிருப்பாரு" என்றாள் ஹாஜிரா. அவளும் சிரிக்கவில்லை.

ராசிபுரத்தில் ஓட்டல் தொழிலாளர் சங்கம் நடத்தும் ஜாபர் உசேன் சொல்லிக்கொடுத்து எழுதிய கடிதம் அது. முன்னாள் பரோட்டா மாஸ்டர். சட்டத்தையும் மாவைப் போலவே பிசைந்து இழுத்துக் காட்டுவார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்கள் கொடுக்கும் இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க ஒரு குழு இருந்தே தீரவேண்டும். அந்தக் குழுவை அமைத்துப் பூங்குழலியின் புகாரை விசாரி, அதுவரை அவளைத் திரும்ப வேலைக்கு எடு, சாட்சி இல்லாமல் யார் பையிலும் கை வைக்காதே. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

அதன் கீழே பதினேழு பேர் கையெழுத்து. யார் முதலில் போட்டது என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் வரைந்து, வட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். ரிசார்ட்டில் மொத்தம் பத்தொன்பது பேர். போடாதவர்கள் இருவர்தான். கேட் வாட்ச்மேன் சென்றாயன் ஒருவர். இன்னொருவனைச் சொல்ல வேண்டியதில்லை.

"உன்ற தம்பி என்ன சொல்றான்?"

"இன்னைக்குக் கேட்டுப் போடறேனுங்க."

"கேளு. ஆனா பதினொரு மணிக்கு வேலைய நிறுத்திப்போட்டு நாம உக்காந்தா உக்காந்ததுதான். தம்பின்னு நடுவுல எந்திரிக்கக்கூடாது."

ஹாஜிரா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கலைமணிக்கு உறைத்தது.

*

தம்பி அவளிடம் சிக்கியது ஒன்பதரை மணிக்கு, பெட்ஷீட் அறையில். சலவைக்குப் போக வேண்டிய துணியை எண்ண வந்தவன், அக்காவைக் கண்டதும் திரும்பினான். கலைமணி கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"வேலு. பூங்குழலி பையில அந்த வைரத்தோட்டப் பாத்தியா?"

"விடு அக்கா, வேலை கெடக்குது."

"பாத்தியா, இல்லையா?"

அவன் அடுக்கிய துண்டுகளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"கையெழுத்து என்னுதுதான் அக்கா. எழுத்து என்னுதில்ல."

கலைமணிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாமே விளங்கியது.

பெண்கள் ஆறு மணிக்கு வேலை முடிந்து போகும்போது சூப்பர்வைசர் கேட்டில் நின்று பைகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. ஆனால் சலவைத் துணி ஏற்றிய ஜீப் நாலு மணிக்கே செம்மேட்டுக்குக் கிளம்பிவிடும், வேல்முருகனும் அதில் போய்விடுவான். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுமைக்கும் வெறும் பக்கங்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவான். இது எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த சங்கதிதான். கலைமணியே எத்தனையோ நாள், "போட்டு வெச்சுட்டு வா சாமி, என்னையும் ஜீப்புல எறக்கி உட்டுரு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் திங்கட்கிழமை அவள் மிளகு பறிக்க லீவு போட்டிருந்தாள். அன்றும் அவன் நாலு மணிக்கே போனது அவளுக்குத் தெரியாது. அதுதான் வினையாகிவிட்டது.

"மேலே எழுதுனது ஆரு?"

"மேனேஜருதான். மறுநாள்தான் எனக்கே தெரியும். ஏங்க இப்படின்னு கேட்டேன். வெறும் பக்கத்துல கையெழுத்துப் போட்டவன் வாயத் தெறந்தா மொத வேலை போறது உன்னுதுதான்னு சொன்னாரு."

"அதுக்கோசரம் அவளத் திருடின்னு உட்டுட்டியா? நீ கட்டிக்கப்போற புள்ளடா அவ!"

"கல்யாணம் ஆனா அவ எப்படியும் வேலைக்கு வரப்போறதில்லியே அக்கா. கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துரும்னு..."

கலைமணியின் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையைக் கஷ்டப்பட்டுக் கீழே இறக்கினாள். இந்த மலையிலிருந்து அந்த ரிசார்ட்டில் சூப்பர்வைசர் ஆன முதல் ஆள் அவன். அவன் சட்டைப்பையில் பேர் எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு வந்த அன்று, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தவள் அவள்தான்.

"பதினொரு மணிக்கு எல்லாரும் இருப்போம். நீயா வந்து சொல்லிப்போடு. நானாச் சொல்ல மாட்டேன். உன்ற வாயில வரட்டும்."

"அக்கா, என்ற வேலை..."

"பதினொரு மணி" என்று சொல்லிவிட்டுத் தலையணை உறைக்குள் கையை விட்டாள் கலைமணி.

*

பதினொரு மணிக்குப் பன்னிரண்டு காட்டேஜும் காலியாகிவிட்டன. தொடர்ந்து மூன்று நாள் லீவு. இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் வந்து இறங்கும். இடையில் இருக்கும் இந்த மூன்று மணி நேரத்தில்தான் ரிசார்ட்டின் உயிர் இந்தப் பெண்களின் கையில் இருக்கும்.

அன்று அவர்கள் தள்ளுவண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துப் படிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். சமையல்கட்டு ஆட்களும் தோட்டக்காரர் காளியண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அர்த்தனாரி முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"கலைமணியம்மா, ரெண்டு மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க. ரூமை முடிச்சுட்டுப் பேசலாமே."

"பேசி முடிச்சுட்டு ரூமுக்குப் போறோமுங்க."

கடிதத்தை வாங்கிப் படித்தார். வட்டத்தைப் பார்த்ததும் தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இதுல மொதக் கையெழுத்து ஆருது?"

வேல்முருகன் மேனேஜருக்குப் பின்னால் சாவிக்கொத்தோடு நின்றான். கலைமணி அவனையே பார்த்தாள். அவன் பார்வை பூச்செடியில் இருந்தது.

அர்த்தனாரி திருச்செங்கோட்டுக்காரர். மலைக்கு வந்து ஆறு வருஷம். மலை ஆட்களைப் பற்றி ஒரு விஷயம் அவருக்குத் தெரியும். சூடத்தின் மேல் இவர்கள் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டார்கள். வாசல் பிள்ளையாரிடமிருந்து தட்டை எடுத்துவரச் செய்தார். படியின் மேல் வைத்துச் சூடத்தைக் கொளுத்தினார்.

"எட்டுக்கை அம்மன் மேல ஆணையா, இதை ஆரம்பிச்சது நான் இல்லைன்னு சொல்லி, சூடத்தைக் கையால அணைங்க. அணைச்சவங்க வேலைக்குப் போலாம். அணைக்காதவங்க வீட்டுக்குப் போலாம். ஹாஜிராம்மா, நீங்க சமையல்கட்டுக்குப் போங்க. இது உங்களுக்கு இல்லை."

"ஏனுங்க, எனக்கு இல்லாமப் போகுது?" ஹாஜிரா நகரவில்லை. "சூடம் இல்லைன்னா என்னங்க, அல்லா மேல சொல்றேன். கடுதாசியில என்ற கையெழுத்து இருக்குது. மொதல்ல போட்டது நான் இல்ல, ரெண்டாவது போட்டது நான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அர்த்தனாரியின் காது சிவந்தது. "கலைமணி, நீ வா" என்றார்.

கலைமணி எழுந்தாள்.

"எனக்குச் சூடம் அணைக்கற வேலை இல்லீங்க. தட்டக் கவுத்து வட்டம் போட்டது நான். மொதக் கையெழுத்தும் என்னுதுதான்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அர்த்தனாரி எதிர்பார்க்கவில்லை. "அப்ப நீ வீட்டுக்குப் போ" என்றார்.

"போறேனுங்க. ஆனா சூடம் இன்னும் எரியுதே."

"அதுக்கு?"

"ஏத்துன சூடம் அணையற வரைக்கும், அதுக்கு முன்னால நிக்கற ஆரு வேணும்னாலும் ஆரையும் ஒரு கேள்வி கேக்கலாமுங்க. பல ஊரு சேர்ந்து நியாயம் பேசற எங்க நாட்டுக் கூட்டத்துல அதுதான் மொறை."

"ஆமாங்க சார்" என்று காளியண்ணன் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். "ஏத்துனவருக்கு மட்டும்னு இல்லீங்க. அதனாலதான் நாங்க சும்மா சும்மா ஏத்தறதில்லீங்க."

மலைக்காரர்களைப் பற்றி மேனேஜர் தெரிந்து வைத்திருந்தது பாதி. மீதிப் பாதி இப்போது தட்டில் எரிந்துகொண்டிருந்தது.

சூடம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கலைமணி தம்பியைப் பார்த்தாள். கேட்காமல் விட்டால் தம்பி தப்பிப்பான். அவன் வேலை, அவன் பேர், அவன் கல்யாணம் எல்லாம் தப்பிக்கும். தானாகச் சொல்ல மாட்டேன் என்று அவனிடம் சொல்லியும் இருக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்தப் பெண் மட்டும் சாகிறவரை திருடி.

குனிந்து இன்னொரு வில்லை சூடத்தை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"வேலு, இங்க வா."

"அவனை எதுக்குக் கூப்பிடறே?" என்று கத்தினார் அர்த்தனாரி.

அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. "திங்கக்கெழமை சாயந்தரம் பூங்குழலி பையில அந்தத் தோட்ட உன்ற கண்ணால பாத்தியா? பாத்திருந்தா, பாத்தேன்னு சொல்லிச் சூடத்த அணைச்சுட்டுப் போ. அப்புறம் நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வேல்முருகன் வந்தான். கையை நீட்டினான். உள்ளங்கை தீக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. பதினேழு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அணைத்துவிடுவானோ என்று கலைமணி பயந்தாள். அணைத்துவிடக் கூடாதே அம்மா என்று உள்ளுக்குள் கும்பிட்டாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"பாக்கலீங்க" என்றான் மேனேஜரிடம். "நான் அன்னைக்கு ஆறு மணிக்கு இங்கயே இல்லீங்க. நாலு மணிக்கே ஜீப்புல போயிட்டேன். கையெழுத்துக் காலைல போட்டது. மேல நீங்க எழுதுனது எனக்கு மறுநாள்தான் தெரியும்."

"பொய்! அக்காளும் தம்பியும் சேர்ந்துக்கிட்டு நாடகம் ஆடறீங்களா?"

"புத்தகத்தக் கொண்டாரச் சொல்லுங்க. தெரிஞ்சுரும்" என்றாள் கலைமணி.

அர்த்தனாரி அசையவில்லை. அதுவரை தூணோரம் நின்று சூடத்தையே வெறித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சென்றாயன், கேட்டை நோக்கி நடந்தார்.

"சென்றாயா, நில்லு!"

சென்றாயன் நிற்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து ஹாஜிராவின் கையில் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு எந்தப் பையிலயும் ஒண்ணும் இல்லீங்க. நான்தான் பாத்தேன். சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஹாஜிரா பக்கத்தைப் புரட்டினாள். அன்று சனிக்கிழமை. அந்தப் பக்கத்தில் மேலே தேதி, கீழே வேல்முருகனின் கையெழுத்து, நடுவே ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் ஞாயிற்றுக்கிழமை. அங்கேயும் மேலே தேதி, கீழே அதே கையெழுத்து, அதே வெறும் நடு.

"ஏனுங்க சார், நாளைக்கு ஆரு பையில என்ன கெடைக்கப்போவுதுன்னு இன்னைக்கே கையெழுத்தாயிருச்சுங்களா?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அர்த்தனாரியை உடைத்தது. அதற்குள் படியெங்கும் செல்போன்கள் எழுந்து, புத்தகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தன.

அவர் அறைக்குள் போய் சேலத்து முதலாளியிடம் பேசினார். கதவைச் சாத்திப் பேசியும் "ரெண்டு மணி, ரெண்டு மணி" என்பது வெளியே கேட்டது. வந்தவர் கடிதத்தில் பெற்றுக்கொண்டதாக எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை குழு கூடும். பூங்குழலி வேலைக்கு வரலாம். கலைமணியும் வீட்டுக்குப் போக வேண்டாம்.

"ஆனா வெறும் பக்கத்துல கையெழுத்துப் போட்டவன் இங்க வேண்டாம். சாவியை வெச்சுட்டுப் போ" என்றார் வேல்முருகனிடம்.

சாவிக்கொத்து சத்தத்தோடு படியில் விழுந்தது. தள்ளுவண்டியைப் பிடிக்கப் போன கலைமணியை அர்த்தனாரி மெதுவாக அழைத்தார்.

"ஜெயிச்சுட்டதா நினைக்காதே. ஆறாம் நம்பர்ல இருந்தவர் திங்கட்கிழமை நேர்ல வர்றாராம். அவர் யாருன்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கடுதாசியை நீயே கிழிச்சுப் போட்டிருப்பே."

*

மாலை வரை கேட்டுக்கு வெளியே காத்திருந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு கலைமணி வீட்டுக்கு வந்தாள். வாசலில் திண்ணனூர் நாட்டு ஜீப் நின்றது. பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேல்முருகனைப் பார்த்ததும் ராசப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்தான்.

கலைமணி குறுக்கே நின்று நடந்ததை முழுவதும் சொன்னாள். தம்பிக்காக ஒரு வார்த்தையைக்கூட இனிப்பாக்கவில்லை. ஆனாலும் அவன் கையை இழுத்துக்கொண்ட இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ராசப்பன் வேட்டியை இறக்கிவிட்டான். "வேலை போனாலும் போவுதுன்னு நாலு பேத்துக்கு முன்னால சொல்லிப்போட்டானில்ல. அது போதும் எனக்கு" என்றான். அவனுக்கு மனசு ஆறிவிட்டது. நல்ல மனுஷன், கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும்.

"அப்பறம் என்ன?" என்றார் பெரியப்பா. "புள்ள பேரும் சுத்தமாயிருச்சு. மாசியிலயே வெச்சுக்கலாம். மாப்பிள்ளைக்கு வேற வேலையா கெடைக்காது?"

ஆண்கள் மூவருக்கும் விஷயம் முடிந்துவிட்டது. உள்ளே ஒருத்தி இருக்கிறாளே என்ற நினைப்பு அங்கே யாருக்கும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கலைமணிக்கும் வரவில்லை.

பூங்குழலி வெளியே வந்து வேல்முருகனின் எதிரே நின்றாள்.

"மறுநாளே உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும். ஆனா பூவு, வேலை போயிருமேன்னுதான்..."

"இன்னைக்குச் சனிக்கெழமை. எனக்கு ஒரு போனு பண்ணீங்களா? நீ திருடலைன்னு எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை. ஊருக்கு வேண்டாமுங்க. எனக்கு மட்டும்."

அவன் தலை குனிந்தது.

"அண்ணி கூப்பிடாம இருந்திருந்தா, நீங்களா வந்து சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். பொய் சொல்லாமல் இருந்தானே, அந்த மட்டுக்கும் அவனை மெச்சலாம்.

பூங்குழலி கட்டிலின் பக்கம் திரும்பினாள். "திங்கக்கெழமை விசாரணைக்கு நான் போறேனுங்க பெரியப்பா. அங்க நானே பேசிக்கறேன். பரிசம் வேண்டாமுங்க."

"பூங்குழலி!" ராசப்பன் அதட்டினான். "என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறயா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வேல்முருகனின் முகம் சின்னப்பிள்ளை முகம்போல் கோணியது. வேலை போனபோதுகூட அப்படி ஆகவில்லை.

"அக்கா, நீயாச்சும் சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா."

நாலு வயதிலிருந்து அவன் கேட்ட எதையும் கலைமணி இல்லை என்று சொன்னதில்லை. இப்போதும் அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலத்தான் இருந்தது. அவள் தம்பியைத் தாண்டிப் போய்ப் பூங்குழலியின் பக்கத்தில் நின்றாள்.

"அவ சொன்னதுதான் சாமி" என்றாள்.